பாட்டு யாரு கணக்குல வரவு?

நம்ம தோழர்கள் கையில் ரெண்டு அளவுகோல் இருக்கிறது. ஒண்ணு, பாட்டுப் போட்டவன் யாரு வீட்டுப் பிள்ளை என்பது. இன்னொண்ணு, பாட்டுக்குள்ளே என்ன சொல் வருகிறது என்பது. இந்த ரெண்டையும் வைத்துக்கொண்டு டீக்கடையிலும் விடுதி அறையிலும், கூட்டம் முடிந்து கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் பாட்டை அளந்து தள்ளுகிறோம். 'அவரு நம்மாளு, விட்டுக்கொடுக்கக் கூடாது.' 'இதுல சேரின்னு வருது, இது நம்ம பாட்டு.' ரெண்டு கோலும் முறிந்து ரொம்ப நாளாச்சு என்பது என் கருத்து. மூணாவது ஒரு கோல் இருக்கு. ரொம்பச் சாதாரணமானது. பேர் யாருக்கு, கூலி யாருக்கு?

நான் இசை விமர்சகன் கிடையாது. ராகம் பிரித்துச் சொல்லத் தெரியாது. கானாவும் ராஜாவும் பாப் மார்லியும் ஒரே எம்.பி.3 தட்டில் கிடக்க, மாற்றி மாற்றிக் கேட்டு வளர்ந்த வெறும் ரசிகன். ராத்திரியில் கவிதை, பகலில் வங்கிக் குமாஸ்தா வேலை. அந்த வேலை ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் யாருக்கு அதிகாரம் என்று தெரியணுமா, அவங்க பேசுவதைக் கேட்டால் தெரியாது. பாஸ்புக் யார் பேரில் இருக்கு, பணம் எடுக்கக் கையெழுத்து யார் போடுறாங்க என்று பார்த்தால் தெரியும். பாட்டையும் அப்படித்தான் பார்க்கணும் என்கிறேன்.

1

முதல் அளவுகோல் பிறப்பு. அப்படியானால் ராஜாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடி, 1976இல் 'அன்னக்கிளி'யோடு உள்ளே நுழைந்த மனிதர். இசையறிவு தங்கள் குலச்சொத்து என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்தவர். இதில் எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதே கைதான் 1992இல் 'தேவர் மகன்' படத்துக்கு இசை போட்டது. அந்தப் படத்தின் சாதிப்பெருமைப் பாட்டு தென்மாவட்டத்துச் சேரிக்காரன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை, 1995 கொடியங்குளத்தைப் பார்த்த சனத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியை 2023இல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை முன்னால் வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் பேசினார். மெட்டுப் போட்டவரின் பிறப்பு அந்தப் பாட்டின் நஞ்சை ஒரு சொட்டும் குறைத்துவிடவில்லை.

2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிடுகிற புத்தகத்துக்கு ராஜா முன்னுரை எழுதினார். அதே வருஷம் ஜூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். இதுக்கு அது விலையா என்று கேட்டவர்கள் உண்டு. நம்மிடம் ரசீது இல்லை, அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். முன்னுரை ஒண்ணே போதும். 1927இல் மகாத்தில் மனுஸ்மிருதியைக் கொளுத்தி, 1956இல் நாகபுரியில் லட்சக்கணக்கான சனங்களோடு இந்து மதத்தை விட்டே வெளியேறிய ஒருவரை, இந்துத்துவ ஆட்சியின் தலைவர் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்தது தப்பு. அதைச் சொல்ல நம் நாக்கு ஏன் கூசணும்? 'நம்மாளு' என்று மூடி மறைத்தவர்களும் சரி, கோபத்தில் போனில் இருந்த பாட்டையெல்லாம் அழித்தவர்களும் சரி, பிறப்பு என்கிற அதே கோலைத்தான் பிடித்திருந்தார்கள். ஒருத்தர் நேராகப் பிடித்தார், இன்னொருத்தர் தலைகீழாகப் பிடித்தார். நான் முன்னுரையைத் திட்டிக்கொண்டே பாட்டைக் கேட்கிறேன். எனக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

நான் கவனித்தது வேறொன்று. இந்த முன்னுரைக்குக் கொஞ்சமும் கோபப்படாத பெரும்பான்மை ரசிகனுக்கு, ராஜா ராயல்டி கேட்டபோது வந்த கோபம் இருக்கே! 2017இல் தன் பாட்டை மேடையில் பாட அனுமதி வாங்கவில்லை என்று எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனது. 'காசாசை பிடிச்ச மனுசன்', 'இவ்வளவு சம்பாதிச்சும் அடங்கலையே', 'ஞானிக்கு எதுக்குக் காசு' என்று தெருவெல்லாம் பேச்சு. எந்தத் தயாரிப்பாளரையாவது, கேசட் கம்பெனிக்காரனையாவது பார்த்து இந்த நாடு 'உனக்கு எதுக்குக் காசு' என்று கேட்டிருக்கிறதா? பாட்டு எழுதினவருக்கும் இசை போட்டவருக்கும் உரிய ராயல்டிப் பங்கை வேறு யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். அதற்கு அப்புறமும் கூலி கேட்பது பேராசையாம். ஞானி என்று பட்டம் கொடுத்துவிட்டால் ஆள் கூலி கேட்க மாட்டான் என்பது இந்தச் சமூகத்தின் பழைய கணக்கு. நம்ம தாத்தா தலையில் 'விசுவாசி' என்கிற பட்டத்தைக் கட்டிக் களத்து நெல்லை அமுக்கினார்களே, அதே கணக்கு.

கோல் ஒன்றுதான் என்றால் ராஜாவையும் அதே கோலால்தான் அளக்க வேண்டும். 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் அவருடைய வழக்கு நடந்தபோது, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. இன்னும் கீழே இறங்கிக் கேட்கலாம். அந்தப் பாட்டுகளில் தவில் வாசித்தவர், உறுமி இழுத்தவர், தப்பு அடித்தவர் பேர்கள் கேசட் அட்டையில் பெரும்பாலும் இல்லையே, அவங்க கணக்கு எங்கே?

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலில் ராஜாவை அர்த்த மண்டபத்துக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். ஜீயர், அர்ச்சகர் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி கிடையாது, அது மரபு என்றது அறநிலையத் துறை. நான் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் இல்லை, வதந்தியை நம்பாதீங்க என்கிற மாதிரி அவரும் சொல்லிவிட்டார். நான் ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பட்டம் வாசப்படி வரைக்கும்தான் கூட வரும். படி யார் பேரில் இருக்கு என்பது வேற பத்திரம்.

2

ரெண்டாவது அளவுகோல் சொல். பாட்டில் அம்பேத்கர் இருக்காரா, நிலம் இருக்கா, மாட்டுக்கறி இருக்கா?

ஒரு காலத்தில் இந்தக் கோலுக்கு மதிப்பு இருந்தது. கே.ஏ. குணசேகரன் இன்குலாப்பின் 'மனுசங்கடா'வைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போன நாட்களில், அந்தச் சொல்லை மைக்கில் சொல்வதே ஒரு கலகம். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவையாக மேடை ஏறியபோதும் அந்த மின்சாரம் இருந்தது. கானாக்காரனும் ராப் பாடகனும் பறைக்காரனும் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு ஒரே மேடையில் நின்றார்கள். அயோத்திதாசர் காலத்துச் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பேர். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இப்போது சொல் மலிந்துபோச்சு. அம்பேத்கர் படம் இல்லாத கட்சி மேடை கிடையாது. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த நடிகர் விஜய்யின் கட்சி மாநாட்டில்கூடப் பெரியார், காமராசர் வரிசையில் அவர் கட்அவுட் நின்றது. திராவிடக் கட்சி, தேசியக் கட்சி எல்லாத்திலும் இதே கதைதான். எல்லா மேடையிலும் படம் இருந்த இதே காலத்தில்தான், 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட அந்தச் சேரியின் இளைஞர்கள் 3 பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டார்கள். படம் ஒரு பக்கம் இருக்கும், தொட்டி ஒரு பக்கம் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு குழாய் இணைப்பும் கிடையாது.

பாட்டிலும் இதுதான் நடந்தது. 2021 மார்ச்சில் 'எஞ்ஜாய் எஞ்சாமி' வந்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய், உழைத்து ஓடாகி, ஒருபிடி மண்கூட இல்லாமல் திரும்பிவந்த சனத்தின் கதை. அறிவின் சொந்தப் பாட்டியின் கதை. கோடிக்கணக்கான தடவை உலகம் முழுக்க ஓடியது. கல்யாண வீட்டில் அதற்கு ஆடினவர்களில், நிலம் பறிபோன கதைக்கு ஆடுகிறோம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அது கிடக்கட்டும். அதே வருஷம் ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டையில் தீ இருந்தார், இன்னொரு பாட்டைப் பாடிய ராப் பாடகர் இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்படப் பலரும் சத்தம் போட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்க்கிற மேடையில் அந்தப் பாட்டு, அறிவு இல்லாமல். எழுதினதும் மெட்டுக் கட்டினதும் தான்தான் என்று அறிவு சொன்னார். அது கூட்டு உழைப்பு, வருமானத்தில் சமபங்கு, அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வெளியே வந்து, மூணு வருஷம் ஆகியும் எங்கள் மூணு பேருக்கும் அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை என்றார். வெளியிட்ட நிறுவனம் தன் பக்கம் வேறு நியாயம் சொன்னது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுத நான் நீதிபதி இல்லை. ஒரு ரசிகனாக எனக்குப் படுவது இவ்வளவுதான். சொல் அளவுகோலால் அளந்தால் அந்த ஆண்டின் ஆகச்சிறந்த அரசியல் பாட்டு அது. பேரும் கூலியும் என்ற கோலை வைத்துப் பார்த்தால், பாட்டுக்குள்ளே பாட்டிக்கு நடந்ததுதான் பாட்டுக்கு வெளியே பேரனுக்கும் நடந்தது. மரம் வைத்தவன் ஒருத்தன், பழம் தின்றவன் ஒருத்தன்.

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 'ம்பூபே' என்று ஒரு பாட்டுப் பதிந்தார். அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங் என்கிறார்கள். அந்த மெட்டு அமெரிக்கா போய், வேறு வேறு பேரில் ஓடி, 1994இல் 'லயன் கிங்' படம் வரைக்கும் வந்தது. லிண்டா 1962இலேயே வறுமையில் செத்துப்போனார். அவர் பெண்மக்கள் வழக்குப் போட்டு 2006இல்தான் ஒரு சமரசம் ஆனது. இதற்கு எதிராக ஜமைக்காவில் ஒன்று நடந்தது. 1974இல் வந்த 'நேட்டி டிரெட்' தொகுப்பின் ரொம்பப் புகழ்பெற்ற பாட்டுக்கு, எழுதியவர் என்று பாப் மார்லி போட்ட பேர் வின்சென்ட் ஃபோர்டு. சேரியில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த சினேகிதர். மார்லி படத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரியும் நம்ம கல்லூரித் தம்பிகள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். தலைமுடி வளர்ப்பது சுலபம், பேரை எழுதிக்கொடுப்பதுதான் கஷ்டம்.

3

2024 மார்ச்சில் சபா உலகத்தில் ஒரு சண்டை. டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவித்தது மியூசிக் அகாதமி. பெரியாரைப் புகழ்ந்தவருக்கு விருதா என்று ரஞ்சனி - காயத்ரி போன்றவர்கள் அந்த ஆண்டு மாநாட்டிலிருந்து விலகினார்கள். நம்ம ஆட்கள் கிருஷ்ணா பக்கம் பேசினார்கள். பேசணும்தான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது விருது இல்லை, 2020இல் அவர் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம். மிருதங்கம் கட்டுகிறவர்களைப் பற்றியது. மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் இல்லாமல் மிருதங்கம் கிடையாது. தோலைத் தொட்டு, ஊறவைத்து, இழுத்துக் கட்டி, நாதம் வரவைக்கிறவர்களில் நிறையப் பேர் நம்ம சனம், தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயர் பேர் தெரியாத கச்சேரி ரசிகன் உண்டா? அவருக்கு மிருதங்கம் கட்டிய பர்லாந்து பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கலாக்ஷேத்ரா மறுத்தது. தோல் மடியில் உட்காரலாம், தோலின் கதை மேடைக்கு வரக்கூடாது. நாதப் பிரம்மத்துக்கே தீட்டாகிவிடுமாம்.

4

இனி நம்ம பறைக்கு வருவோம்.

தொண்ணூறுகளில் சேரிகளில் ரெண்டு குரல் கேட்டது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று ஒரு குரல். பறை நம்ம விடுதலைக் கருவி, எடுத்து அடி என்று இன்னொரு குரல். மதுரையில் தலித் கலைவிழாக்கள் நடந்தது இந்த ரெண்டாவது குரலின் தெம்பில். அப்போது ரெண்டு பக்கமும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். இப்போது படித்தால் ரெண்டு பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள் என்று தோன்றுகிறது. ஊர்க்காரன் வீட்டுச் சாவுக்கு அடிப்பது கலை என்று யாரும் சொல்லவில்லை. அது ஊழியம். கூப்பிட்டால் போகணும், நேரம் கிடையாது, பேரம் கிடையாது, கொடுத்த நெல்லையும் ஊற்றிய சாராயத்தையும் வாங்கிக்கொள்ளணும். மறுத்தவன் மறுத்தது கூலி இல்லாத அந்த ஊழியத்தை. எடுத்து அடித்தவன் அடித்தது தன் பேரில், தன் மேடையில். ரெண்டுமே கணக்கை மாற்றி எழுதின வேலைதான்.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பறையடித்தவர் பேர் குடியரசுத் தலைவர் மாளிகையில் ஒலிக்கிறது, சும்மாவா? ஆனால் கீழே என்ன நிலவரம்? எங்கள் கிளைக்குக் கணக்குத் தொடங்க ஒரு பறைக் கலைஞர் வந்தார். நல்ல அடிகாரர், நான் மேடையில் பார்த்திருக்கிறேன். படிவத்தில் தொழில் என்ற கட்டம் வந்தது.

"தொழில் என்னண்ணே போட?"

"கூலின்னு போடுங்க தம்பி."

"பறைக் கலைஞர்னு போடட்டுமா?"

"போட்டா லோன் கீன் குடுப்பாங்களா?"

"அதெல்லாம் தெரியலண்ணே."

"அப்ப கூலின்னே போடுங்க. அதாவது நெசம்."

கூலி என்றே போட்டேன். அதைவிடச் சரியான இசை விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

5

பேர் கிடைத்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. பேருக்கு ஒரு விலை உண்டு, நம்ம பெண்களுக்கு அது ரெட்டிப்பு விலை. கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய இசைவாணியை 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தார்கள். ஆம்பளைகளின் கோட்டையான கானாவில் நுழைந்த பெண் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். 2024 நவம்பரில், பல வருஷத்துக்கு முன்னால் அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டைத் தோண்டியெடுத்து, கைது செய் என்று புகார் கொடுத்தார்கள். போனிலும் இணையத்திலும் மிரட்டலும் ஆபாசமும். அது ஒரு குழு பாடிய பாட்டு. ஆனால் அடி மட்டும் ஒரு பெண் பேரில் விழுந்தது. கைதட்டலைப் பத்தொன்பது பேருக்குப் பங்கு போட்ட ஊர், வசவை ஒருத்திக்கே எழுதி வைத்தது. பட்டியல் வந்த அன்றைக்குப் படத்தைப் பகிர்ந்தவர்கள் எல்லாரும் புகார் வந்த அன்றைக்கு எங்கே போனார்கள்? கானாப் பாடகனுக்கு விசில் அடிப்பது ஒரு வேலை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பது இன்னொரு வேலை. ரசிகன் என்றால் இந்த ரெண்டாவது வேலையும் சேர்ந்ததுதான்.

6

கடைசியாக நம்ம வீட்டுச் சங்கதி. இது கசக்கும்.

நம்ம இயக்கங்களின் நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்பு, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று இருபது பேர். ஒவ்வொருத்தர் பேருக்குப் பின்னாலும் பி.ஏ., பி.எல். முன்னாலும் ஒரு அடைமொழி. நோட்டீசின் அடியில் ஒரே ஒரு வரி: 'பறையாட்டம், கலைநிகழ்ச்சி நடைபெறும்.' யார் அடிக்கிறாங்க? பேர் கிடையாது. மூணு மணிக்கே வந்து கூட்டம் சேர்க்க அடித்துக்கொண்டே இருக்கணும். தலைவர் கார் வந்ததும் அடிக்கணும், தலைவர் பேச ஆரம்பித்ததும் நிறுத்தணும். பந்தியில் கடைசி. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கவரை மடித்துக் கையில் திணித்து, 'இயக்கத்துக்கு உங்க பங்களிப்பு தோழர்' என்று முதுகில் தட்டுவார்கள். கவரைப் பிரித்தால் பஸ் செலவுக்கே காணாது. ஊர்க்காரன் அதற்கு ஊழியம் என்று பேர் வைத்தான். நாம பங்களிப்பு என்று வைத்திருக்கிறோம். பேர் மாறினால் வயிறு நிறையுமா?

கலை மக்களுக்கானது, காசு பேசலாமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். மேடை போட்டவனுக்குக் காசு, ஒலிபெருக்கிக்குக் காசு, ப்ளக்ஸ் அடித்தவனுக்குக் காசு. அங்கெல்லாம் பேரம் பேசி முன்பணம் கொடுக்கிறோம். விரல் வீங்க அடித்தவனிடம் மட்டும்தான் நமக்குத் தத்துவம் ஞாபகம் வருகிறது. இசைஞானிக்கு எதுக்குக் காசு என்று கேட்ட அந்த ரசிகனுக்கும் நமக்கும் இந்த இடத்தில் என்ன வித்தியாசம்?

ஆகவே தோழர்களே, மாணவர்களே, சினிமாவில் எவன் நம்மாளு, எந்தப் பாட்டில் எத்தனை தடவை அம்பேத்கர் வந்தார் என்ற கணக்கைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைப்போம். நம்ம கையில் இருக்கிற மேடையிலிருந்து ஆரம்பிப்போம். அடுத்த ஏப்ரல் 14 கூட்டத்துக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னால் பறைக்குழுவில் உள்ள ஒவ்வொருவர் பேரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். எத்தனை மணிநேரம், எவ்வளவு கூலி என்று முன்கூட்டியே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். பேச்சாளரோடு ஒரே பந்தியில் சாப்பாடு. குழுவில் பெண்கள் இருந்தால் ராத்திரி வீடு போய்ச் சேர வண்டி. மேடையில் யார் எழுதின பாட்டைப் பாடினாலும் எழுதினவர் பேரைச் சொல்லிவிட்டுப் பாடுங்கள். யார் கட்டினது என்று தெரியாத பாட்டு என்றால், எந்த ஊர் அம்மாவிடம் கேட்டது என்றாவது சொல்லுங்கள்.

செலவு கூடுமே என்பீர்கள். நோட்டீசில் நன்றியுரைக்காரர்களில் நாலு பேரைக் குறைத்தால் இடம் கிடைக்கும். ப்ளக்ஸில் நாலு அடியைக் குறைத்தால் காசு கிடைக்கும்.